பழைய கார்: தரையில் ஆயில் சொட்டு, சிக்னலில் ஏறும் முள்

கேள்வி: 2008 மாடல் வேகன்-ஆர் வைத்திருக்கிறேன். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரவு வாசலில் நிறுத்தினால் காலையில் தரையில் கறுப்பாக ஆயில் சொட்டு. மெக்கானிக், “இன்ஜினை இறக்கி எல்லா பேக்கிங்கும் சீலும் மாத்திடலாம் சார், 35,000 ஆகும்” என்கிறார். இந்த வயதான வண்டிக்கு இவ்வளவு செலவு செய்யலாமா?
வாசகர், வளசரவாக்கம்

பதில்: எங்கே ஒழுகுகிறது என்று அவர் உங்களுக்குக் காட்டினாரா? காட்டவில்லை என்றால் 35,000 பற்றிய பேச்சே இப்போது வேண்டாம்.

ஆயில் ஓரிடத்தில் கசிந்து, இன்ஜின் மேலேயே வழிந்து இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளும். அதனால் சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்து சம்ப் பேக்கிங்கை மாற்றுவார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொட்டும். இன்ஜின் உச்சியில் மூடியாக இருக்கும் டாப்பட் கவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் இன்ஜினைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரையும் ஒயரிங் கப்ளர்களையும் பாலிதீன் போட்டு மூடிவிட்டுத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். அப்புறம் ஒன்றிரண்டு நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, டார்ச் வைத்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேலே முதலில் ஈரமாகத் தெரிகிற இடம்தான் கசிவு தொடங்கும் இடம்.

இந்த வயது வண்டிகளில் முதல் சந்தேகம் டாப்பட் கவர் பேக்கிங் மேல்தான். பல வருடச் சூட்டில் ரப்பர் இறுகிப் போயிருக்கும். கழற்றி எடுத்து நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, வளைத்தால் முறியும். புதுசு சில நூறு ரூபாய்தான், வேலையும் அரை நாளைத் தாண்டாது. அடுத்து ஆயில் ஃபில்டர், டிரெய்ன் போல்ட் வாஷர், ஆயில் பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். இவையும் சின்ன வேலைகளே. உண்மையிலேயே செலவு வைப்பது கியர்பாக்ஸ் பக்கம், இன்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றி இருக்கும் பின் கிராங்க் சீல். சீல் விலை குறைவு, ஆனால் கியர்பாக்ஸை இறக்காமல் கை போகாது. அங்கேதான் கசிவு என்றால் கிளட்ச் பிளேட் மாற்றும் காலம் நெருங்கிவிட்டதா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் லேபர் ஒருமுறைதான்.

புது சீல் போட்டும் மறுபடி கசிந்தால் பி.சி.வி. வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளிவிடும். நம் ஊரில் பலரும் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பேக்கிங்கோடு சேர்த்து சிலிக்கானைக் கணக்கில்லாமல் அப்புவதையும் அனுமதிக்காதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் சிலிக்கான் துண்டாக உடைந்து சம்ப்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் இன்ஜினே போய்விடும்.

இரவுக்கு நாலைந்து சொட்டு என்றால் அவசரம் இல்லை. வாரம் ஒருமுறை ஆயில் குச்சியை எடுத்து அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சரிசெய்யலாம். ஆனால் ஆயில் சைலன்சர் மேனிஃபோல்டு மேல் விழுந்து புகைந்தாலோ, டைமிங் பெல்ட்டை நனைத்தாலோ அன்றைக்கே வண்டியை ஷெட்டில் விடுங்கள். முதலாவதில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இரண்டாவதில் பெல்ட் ஊறிக் கெட்டு, ஓட்டத்திலேயே அறுந்துபோகலாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். ஏ.சி. போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் இடது முன்பக்கம் சொட்டுவது வெறும் தண்ணீர். நிறமும் வாசனையும் இருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். பச்சையாகவோ சிவப்பாகவோ, இனிப்பு வாசனையோடு பிசுபிசுத்தால் அது இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட். அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆயில் மெதுவாகக் குறைந்தால் உங்களுக்கு நாள் கிடைக்கும். கூலன்ட் குறைந்தால் ஒரே டிராஃபிக்கில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிடும்.

கேள்வி: ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நிற்கிறது. சிக்னலில் நின்றால் ஏறுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். “மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்கு?” என்றார். கொஞ்ச நாள் சரியாக இருந்தது, இப்போது பழைய கதைதான். ரேடியேட்டரை மாற்ற வேண்டுமா?
வாசகி, குரோம்பேட்டை

பதில்: ரேடியேட்டருக்கு இப்போதே காசு கொடுக்காதீர்கள். ஓடும்போது சூடு ஏறாமல் நிற்கும்போது ஏறினால் காற்றுதான் போதவில்லை. ஓடும்போது காற்று தானாக வருகிறது, நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் பக்கத்து ஃபேன் ஒன்றாவது உடனே சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி.யில் சுற்றி, சூட்டில் மட்டும் சுற்றவில்லை என்றால் ஃபேன் சுவிட்ச் அல்லது சென்சர் மேல் சந்தேகப்படலாம். இதற்கு நேர்மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று போக வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். குக்கர் வெயிட் போலத்தான் அது வேலை செய்கிறது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 0.9 மூடியில் தண்ணீர்கூட 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். அதே எண் போட்ட மூடியை வாங்குங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள். திறந்த நொடியில் உள்ளிருப்பது கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது, குளிர்நாட்டுச் சமாச்சாரம் இல்லை. கம்ப்யூட்டர் உள்ள பெட்ரோல் வண்டிகளில் இன்ஜின் தன் சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், மைலேஜ் விழும், ஆயிலில் ஈரம் தங்கும். பழைய வால்வு நல்லதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சமையலுக்கு வேண்டாத பாத்திரம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மெல்லச் சூடாக்குங்கள். அதில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறந்து, ஆறியதும் மூடினால் நல்ல வால்வு.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஷெட்டில் பக்கெட்டில் பிடித்து ஊற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். வாளியில் வெள்ளைக் கறை படிய வைக்கும் அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. துருவும் சேர்ந்துகொள்ளும். இங்கே பனி உறையப் போவதில்லை என்று கூலன்ட்டை விட்டுவிடுகிறார்கள். ஆனால் துருப்பிடிக்காமல் காப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும் நமக்கு அது வேண்டும். கடையில் கேனைத் திருப்பிப் படியுங்கள். கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். அப்படியே ஊற்றும் கலவை என்றால் எதையும் கலக்கக் கூடாது. இரண்டின் லிட்டர் விலையையும் நேராக ஒப்பிடாதீர்கள். பாதிக்குப் பாதி கலந்தால் ஒரு லிட்டர் கான்சென்ட்ரேட் இரண்டு லிட்டராகும். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை மட்டும் நம்பியும் வாங்க வேண்டாம். உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைப் பாருங்கள். வகை மாற்றினால் பழையதை முழுக்கக் கழுவி எடுத்த பிறகே ஊற்றுங்கள். வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது அவற்றைக் கொன்றுவிடும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். நடுவழியில் வீடு சேர அது உதவலாம். ஒழுகலை அடைக்கும் அதே தூள் நல்ல குழாயையும் அடைக்கும். கடையில் விற்கும் அடைப்பு மருந்தும் அப்படித்தான்.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். சென்னையில் அந்தக் குமிழைத் தொடும் ஆள் கிடையாது, ஆனால் அப்போது அது இன்னொரு சின்ன ரேடியேட்டர். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். இன்னொன்று: கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சரைத் தொட எதுவும் இருக்காது, முள் திடீரென்று கீழே விழலாம். சரியாகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: ஹெட் கேஸ்கெட் மாற்றினேன். ஒரு மாதத்திலேயே மறுபடி கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது. ஒர்க்‌ஷாப்பில், “பழைய வண்டி, நாங்க என்ன செய்ய?” என்கிறார்கள். பில் இருக்கிறது.
வாசகர், பெரம்பூர்

பதில்: வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். பில்லில் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்த, அதாவது மட்டமாகச் சீவிய, வரி இருக்கிறதா? சூடேறிய ஹெட் வளைந்திருக்கும். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங்தான் கேஸ்கெட்; மட்டம் பார்க்காமல் புதுசு வைத்தால் அது நிற்காது. அந்த வரி இல்லை என்றால் மட்டம் பார்த்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வேறொரு ஷெட்டில் பிரஷர் டெஸ்ட் செய்து, கண்டதைத் தாளில் எழுதி வாங்குங்கள். வண்டியின் வயது, வேலையைச் சரியாகச் செய்யாததற்குச் சாக்காகாது. காசு வாங்கிச் செய்த வேலையில் குறை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு. முதலில் தேதி போட்டு ஒரு கடிதம், பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாமா?
வாசகர், எண்ணூர்

பதில்: பம்பர், கதவு, கண்ணாடி, பிராக்கெட் தாராளமாக வாங்கலாம். ஹோஸ், சீல், பேக்கிங், பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவை வேண்டவே வேண்டாம். இவற்றை ஜி.பி. ரோட்டில் புதிதாக, பார்ட் நம்பர் எழுதிய பில்லோடு வாங்குங்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றிய பிறகு, கழற்றியதை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.