கேரள எல்லைப் பஞ்சாயத்தில் வாயனசாலை என்னும் ஊர் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் எப்படிக் கொண்டுவருவது?

"எங்கள் வார்டில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். வாயனசாலைக்கு கிராண்ட் வருகிறது, ஆனால் அலமாரியில் தமிழ் இல்லை. எல்லாருக்கும் நியாயமாகக் கிடைக்க எப்படித் திட்டம் போடுவது, பணத்தை யாரிடம் கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்கா பக்கம் கமிட்டிக்குப் புதிதாக வந்தவர் என்று நினைக்கிறேன். கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் ஒன்பது வருடம் வாயனசாலை செக்ரட்டரியாக இருந்தேன். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாத காலம் உண்டு.

பணமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேரளத்தின் 1989-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி கட்டட வரியோடு ரூபாய்க்கு ஐந்து பைசா நூலக வரி நம்மிடமும் வாங்குகிறார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், லைப்ரரி செஸ் என்று தனியாகப் போட்டிருக்கும். எந்த மொழியில் படிக்கிற வீடாக இருந்தாலும் ஒரே கணக்குதான். அந்தப் பணம் புத்தகமாக மாறுகிற இடத்தில்தான் நாம் விடுபட்டுப் போகிறோம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் கிராண்ட் கைக்கு வந்தது. அதை மாவட்ட அளவில் நடக்கும் புத்தகோத்சவத்தில், அதாவது புத்தகத் திருவிழாவில், செலவழித்து பில் வைக்க வேண்டும் என்றார்கள். நானும் லைப்ரரியனும் பாலக்காடு போய் ஒரு ஸ்டால் விடாமல் ஏறி இறங்கினோம். தமிழில் கிடைத்தது ஒரு சமையல் புத்தகம், ஒரு ஜோசியப் புத்தகம், குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் நோட்டுகள். கோயம்புத்தூர் எங்களுக்கு ஒரு மணி நேர பஸ் தூரம், அங்கே வாங்கி பில் தரட்டுமா என்று கேட்டேன். முடியாது, பணம் திரும்பிவிடும் என்றார்கள். வேறு வழியில்லாமல் முழுவதும் மலையாளத்திலேயே வாங்கினோம்.

அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு லைப்ரரியன் வீடு வீடாகப் போனார். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகிற திட்டம் இங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், நல்ல திட்டம். தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு பாட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம எழுத்து ஒண்ணும் இல்லியே கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தாராம். லைப்ரரியன் மலையாளி. அவர்தான் வந்து என்னிடம் சொன்னார், சொல்லும்போது அவருக்கே குரல் கம்மியது. அடுத்த வாரமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும், பையில் அதே புத்தகங்களோடு.

மொழி வெறி என்று யாராவது கிளம்பும் முன்னால் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் மலையாளி, பேரன் மலையாள மீடியம். 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிவைத்த கிரந்தசாலை (நூலக) இயக்கம் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் வாயனசாலையே இருந்திருக்காது. தமிழ்நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்றும் நான் சொல்லவில்லை. அங்கே 1948-லேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது, சொத்து வரியில் நூலக வரியும் உண்டு, ஆனாலும் வசூலித்த பணத்தை உள்ளாட்சிகள் நிலுவை வைக்கின்றன என்ற புகார் ஓயவில்லை. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. அந்தப் பாட்டியும் வாசகர்தானே?

இனி வழி. எங்களுக்குக் கைகொடுத்தது கிராமசபை. 1996-இல் ஜனகீய ஆசூத்ரணம் என்ற மக்கள் திட்டமிடல் வந்த பிறகு பஞ்சாயத்தின் திட்டப் பணத்துக்கு வார்டு கிராமசபையில் கோரிக்கை வைக்கலாம். முதல் வருடம் நான் சும்மா எழுந்து நின்று பேசினேன், கை தட்டினார்கள், அதோடு போயிற்று. இரண்டாம் வருடம் விநியோக ரிஜிஸ்டரைக் கொண்டுபோனேன். மெம்பர்களில் தமிழ் படிப்பவர்கள் இத்தனை, அவர்கள் எடுத்த புத்தகம் இத்தனை, கேட்டு இல்லாமல் திரும்பியது இத்தனை என்று வாசித்தேன். மினிட்ஸில் ஏறும்வரை உட்காரவில்லை. அப்புறம் பஞ்சாயத்தின் திட்டங்களைத் தயாரிக்கும் வர்க்கிங் குரூப்பில் தமிழ்ப் புத்தகம் வாங்குவது தனி பிராஜக்டாக வந்து இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் புத்தகோத்சவ நிபந்தனை அதற்கு இல்லாததால் கோயம்புத்தூரில் நாங்களே பார்த்து வாங்கினோம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்காகத் தமிழில் எழுதிய மனுவை ஓர் அலுவலகத்தில் "மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா" என்று வாங்காமலே திருப்பிவிட்டார்கள். குறை தீர்க்கக் கேட்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. வெளியே பெட்டிக்கடையில் ஒரு பையனைக் கெஞ்சி எழுதி வாங்கினேன். எனக்கு அப்போது அறுபது வயது. அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திட்டத்தில் புத்தகத்தோடு நேரத்தையும் சேருங்கள். எங்கள் வாயனசாலை சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை. தொழிலுறப்பு (நூறு நாள்) வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு அதுதான் அடுப்படி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறந்தபோது அவர்கள் வந்தார்கள், பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். ரிஜிஸ்டரில் மொழிக்கு ஒரு கட்டம் இன்றைக்கே போடுங்கள். கேட்டுக் கிடைக்காத புத்தகத்தின் பெயரையும் எழுதுங்கள். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால்தான் அடுத்த கிராமசபையில் பேச முடியும். எனக்கு அந்த ஒரு வருடம் வீணாயிற்று.