ஆறு கட்டம் நிரப்பினால் லோன் கிடைக்குமா?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் நான்கு சி.என்.சி. லேத், ஒரு சென்டர்லெஸ் கிரைண்டர், 14 ஆட்களோடு யூனிட் நடத்துகிறேன். மாதம் சுமார் 20 லட்சம் விற்பனை. அதில் 39 சதவீதம் ஸ்கூட்டர் எஞ்சினுக்குப் போகும் ராக்கர் ஷாஃப்ட், 22 சதவீதம் மோட்டார்சைக்கிள் வால்வு கைடு, 22 சதவீதம் மோட்டார்சைக்கிள் பிரேக் பெடல் பின். மூன்றையும் எடுப்பது ஒரே கம்பெனி. மீதி 17 சதவீதம் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிக்கு ஸ்லீவ். வி.எம்.சி. (உலோகத்தைக் குடைந்து துளையிடும் கணினி மெஷின்) வாங்க வங்கியில் 60 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் வெளிச்சூழல் ஆய்வு வேண்டும் என்றார்கள். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல் என்று ஆறு கட்டம் போட்டு நிரப்பிக் கொடுத்தோம். ‘இது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும், உங்களுக்கு என்ன?’ என்று மேனேஜர் திருப்பிவிட்டார். எப்படித்தான் செய்வது?

பதில்: மேனேஜர் கேட்டது நியாயமான கேள்வி. பெஸ்டல் என்று சொல்லப்படும் அந்த ஆறு கட்டத்தில் தப்பு ஒன்றும் இல்லை. எதையும் மறந்துவிடக் கூடாதே என்பதற்கான ஞாபகப் பட்டியல் அது, அவ்வளவுதான். அதையே ஆய்வு என்று கொடுத்தால் ‘ரெப்போ வட்டி மாறலாம், மின்வாகனம் வளர்கிறது, பருவமழை பாதிக்கலாம்’ என்று செய்தித்தாள் தலைப்புகள்தான் மிஞ்சும்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் டேலி கணக்கு மென்பொருளில் இருக்கும் சேல்ஸ் ரிஜிஸ்டர். வெளியில் நடக்கும் எந்த விஷயமானாலும், உங்கள் கணக்கில் எந்த வரியை, எவ்வளவு ரூபாய்க்கு, எத்தனை மாதத்தில் தொடும் என்று சொல்ல முடிந்தால் அது ரிப்போர்ட்டில் இருக்கட்டும். சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். இப்படி வடிகட்டினால் முப்பது விஷயம் ஐந்தாகக் குறையும். அந்த ஐந்துதான் ஆய்வு.

முதலில் கடந்த 24 மாத விற்பனையைப் பார்ட் நம்பர் வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது கடைசியில் எந்த வண்டியில், எந்த மாடலில் போய் உட்கார்கிறது என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆளிடமோ குவாலிட்டி ஆளிடமோ கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ‘ஆட்டோமொபைல் துறை’ என்று எழுதுவது ஒன்றுக்கும் உதவாது. உங்கள் பார்ட் ஓடுவது துறையில் இல்லை, குறிப்பிட்ட ஒரு மாடலில்.

இப்போது மின்வாகனத்தைப் பார்ப்போம். வழக்கமாகச் செய்வது எஞ்சின் பார்ட், எஞ்சின் அல்லாத பார்ட் என்று இரண்டாகப் பிரிப்பது. அதன்படி உங்கள் ராக்கர் ஷாஃப்ட்டும் வால்வு கைடும் ஆபத்தில், பிரேக் பெடல் பின் பத்திரம். மின்வண்டியிலும் பிரேக் உண்டுதானே! ஆனால் நம் நாட்டில் விற்கும் மின்சார இருசக்கர வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஸ்கூட்டர்கள். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில்தான், பெடலே கிடையாது. ஆக, உங்கள் பின்னுக்கு மின்வண்டியில் இப்போதைக்கு இடமில்லை. மறுபக்கம், மின்சாரத்துக்கு வேகமாக மாறுவது ஸ்கூட்டர், மெதுவாக மாறுவது மோட்டார்சைக்கிள். எனவே எஞ்சின் பார்ட்டாக இருந்தும் வால்வு கைடுக்கு நெருக்கடி தூரத்தில்தான். ராக்கர் ஷாஃப்ட்டுக்கோ வாசல் வரை வந்துவிட்டது. ‘மின்வாகனத்தால் எங்கள் விற்பனையில் 61 சதவீதத்துக்கு ஆபத்து’ என்று எழுதுவதைவிட, ‘39 சதவீதத்துக்குக் கிட்டத்தில் ஆபத்து, 44 சதவீதத்துக்குத் தூரத்தில், 17 சதவீதத்துக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுதினால் மேனேஜர் அந்தப் பக்கத்தைப் படிப்பார்.

எவ்வளவு கிட்டத்தில் என்பதற்கு இரண்டு இடத்தில் எண் கிடைக்கும். மத்திய அரசின் வாகன் டாஷ்போர்டு எரிபொருள், தயாரிப்பாளர், ஆர்.டி.ஓ. வாரியாகப் பதிவு எண்ணிக்கையைக் காட்டும். வாகனத் தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம் மாதாமாதம் விற்பனைக் கணக்கு வெளியிடும். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். சியாம் கணக்கு ஆலையிலிருந்து டீலருக்குப் போன வண்டி, வாகன் கணக்கு ரோட்டுக்கு வந்த வண்டி. தீபாவளிக்கு முந்தின மாதம் டீலர்கள் ஸ்டாக் கட்டுவதால் முதல் எண் ஏறி நிற்கும், இரண்டாவது எண் பின்னால் வரும். வாடிக்கையாளர் உங்களுக்குத் தரும் மாத ஷெட்யூல் முதல் எண்ணோடு ஓடும், உங்கள் எதிர்காலம் இரண்டாவது எண்ணோடு.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. பி.எஸ். 5-ஐத் தாண்டி நேராக 6-க்குப் போகிறோம் என்று 2016-லேயே அரசு சொல்லிவிட்டது. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வரும் என்று அந்தப் பார்ட் செய்தவர்களுக்கு நான்கு வருடம் தெரியும். ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது 2021 செப்டம்பர், மறைமலை நகர் ஆலையில் கடைசி கார் வந்தது 2022 ஜூலை. பத்து மாதம்தான். அரசு விதி தேதி சொல்லிவிட்டு வரும். வாடிக்கையாளர் முடிவு அப்படி வராது. ஒரே கம்பெனியிடம் 83 சதவீதம் வைத்திருக்கும் உங்களுக்குச் சட்டத்தைவிட இதுதான் பெரிய வெளிக்காரணி. ஆறு கட்டத்தில் இதற்கு இடமே இல்லை பாருங்கள்.

மூலப்பொருளுக்கு வருவோம். ‘இரும்பு விலை ஏற்றம்’ எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும். கம்பியை வாடிக்கையாளர் கொடுத்து நீங்கள் ஜாப் ஒர்க் மட்டும் செய்தால் விலை ஏறினாலும் உங்களுக்குப் பெரிய கவலையில்லை. நீங்களே வாங்கினால் கதை வேறு. உதாரணத்துக்கு, ராக்கர் ஷாஃப்ட் ஒன்றுக்குக் கம்பி 118 கிராம், முடிந்த எடை 80 கிராம், விற்பனை விலை ரூ. 19.50, அதில் லாபம் ரூ. 1.60 என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் பார்ட்டுக்கு 59 பைசா, அதாவது லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாதம் 40,000 பார்ட், விலைத் திருத்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால், திருத்தம் வரும்வரை அதிகபட்சம் 70,800 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகும். டர்னிங் ஸ்க்ராப் விலையும் கூடவே ஏறுவதால் கொஞ்சம் திரும்பும், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்த ஒரு கணக்கை ரிப்போர்ட்டில் காட்டுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் விலைத் திருத்த விதி எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா என்பதையும் எழுதுங்கள். வாய்ப்பேச்சு என்றால் லோனுக்கு முன்னால் அதை எழுத்தில் வாங்குவதுதான் முதல் வேலை.

வட்டி பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், அளந்து பார்ப்பவர்கள் குறைவு. 60 லட்சம், ஐந்து வருடம், 10.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 1.29 லட்சம். 11.5 சதவீதமானால் சுமார் 1.32 லட்சம். முழு ஒரு சதவீதம் ஏறியும் மாதம் 3,000 ரூபாய்தான் வித்தியாசம். பில் பணத்தைப் பாருங்கள். 45 நாளில் வர வேண்டியது 90 நாளில் வந்தால், மாதம் 20 லட்சம் விற்பனையில் 30 லட்சம் கூடுதலாக வெளியில் நிற்கும். ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.) வட்டி 11 சதவீதம் என்றாலும் மாதம் 27,500 ரூபாய். ரெப்போ வட்டியைவிட ஒன்பது மடங்கு கனமான காரணி உங்களுக்குப் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலான டெட்டார்ஸ் லிஸ்டில் உட்கார்ந்திருக்கிறது.

சட்டக் கட்டத்தில் எழுத வேண்டியதும் இதுதான். 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, பணம் கொடுத்த வருடத்தில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரியிலும் விதி கொண்டுவந்தார்கள். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து அமல். இதற்கெல்லாம் எம்.எஸ்.எம்.இ.க்கான மத்திய அரசின் உத்யம் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். உங்கள் பில்லில் அந்த எண் அச்சாகிறதா என்று இன்றே பாருங்கள். 83 சதவீதம் வாங்கும் கம்பெனி மீது புகார் கொடுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், அது கிளையில் உட்கார்ந்து அடியை வெட்டும் வேலை. நடைமுறை வழி, பில்லைக் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறும் இணையத் தளமான ட்ரெட்ஸ். ரூ. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் அந்தத் தளத்தில் பதிவு செய்வது கட்டாயம். வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் தள்ளுபடி விலையில் அதை எடுத்துக்கொள்ளும், அவர் கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. பதிவு கட்டாயம் என்றாலும் உங்கள் பில்லை ஏற்றுவது அவர்கள் விருப்பம்தான். அதனால் கேட்டுப் பாருங்கள், வந்த பதிலை ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

சுற்றுச்சூழல் கட்டத்தில் கார்பன், பசுமை என்று பத்தி எழுத வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. உங்கள் ஷெட் சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு எத்தனை அங்குலத்தில் இருக்கிறது? புது மெஷினின் கன்ட்ரோல் பேனலும் டிரைவும் அதற்கு மேலே இருக்குமா? இல்லையென்றால் பீடம் எழுப்பும் செலவையும் புராஜெக்ட் காஸ்ட்டில் சேருங்கள். பாலிசியை எடுத்துப் படியுங்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று வெள்ளத்தை நீக்கியிருக்கலாம். வாடிக்கையாளர் கொடுத்த கம்பி உங்கள் ஷெட்டில் கிடந்தால் அது உங்கள் சொத்து இல்லை. ‘பிறர் பொருள், பொறுப்பில் வைத்திருப்பது’ என்று பாலிசியில் சேர்க்காவிட்டால் இழப்பீடு வராது, வாடிக்கையாளரோ டெபிட் நோட் அனுப்பிவிடுவார்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகைப் பதிவேடே போதும். 24 மாதத்தில் எந்தெந்த வாரங்களில் ஷிஃப்ட் நின்றது என்று குறியுங்கள். ஹோலி, சாத் பூஜை, பொங்கல் வாரங்கள் தானாகத் தெரியும். வி.எம்.சி. ஆபரேட்டர் கிடைப்பது லேத் ஆபரேட்டரைவிடக் கஷ்டம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகள் பஸ்ஸும் கேன்டீனும் கொடுத்துக் கூப்பிடும்போது, நீங்கள் தரப்போகும் சம்பளத்தை ரிப்போர்ட்டில் நிஜமான எண்ணாகப் போடுங்கள்.

இனி சங்கடமான விஷயம். இந்த ஆய்வைச் செய்தால் வி.எம்.சி. வேண்டுமா என்பதே கேள்வியாகலாம். மின் ஸ்கூட்டரில் உங்களுக்கு இயல்பாகப் பொருந்துவது மோட்டார் ஷாஃப்ட். அது கேட்பது லேத்தும் நல்ல சிலிண்ட்ரிக்கல் கிரைண்டரும். வி.எம்.சி. கேட்பது மோட்டார் ஹவுசிங் மாதிரி வார்ப்புப் பார்ட். வார்ப்பு போடும் கம்பெனிகளில் பல மெஷினிங்கையும் தாங்களே முடித்துக் கொடுத்துவிடும். உங்களுக்கு ஹவுசிங் வேலை தருவதாக யாராவது எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? விசாரணைக் கடிதமோ டிராயிங்கோ இருந்தால் இணையுங்கள். இல்லையென்றால், எந்த மெஷின் என்று முடிவெடுக்கும் முன் நான்கு கொட்டேஷன் கேட்டுப் பாருங்கள்.

புது வாடிக்கையாளரிடம் சாம்பிள், ஆடிட், உற்பத்தியைத் தொடங்கலாம் என்ற பி.பி.ஏ.பி. ஒப்புதல் எல்லாம் முடிந்து முழு ஆர்டர் வருவதற்கு ஒரு வருடம் பிடிப்பது சாதாரணம். வாகனப் பார்ட் செய்பவர்களுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்று இல்லாவிட்டால் இன்னும் நீளும். மேலே சொன்ன பத்து மாதத்தை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். பழைய ஆர்டர் போகும் வேகத்தில் புது ஆர்டர் வராது. ஆகவே, வேலை குறைந்த பிறகு தேடினால் நேரம் போதாது. ஆறு மாத மாரட்டோரியமும் (தவணை தொடங்கும் வரை தரும் அவகாசம்) போதாது. 12 மாதம் கேளுங்கள், காரணமாக இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, ‘புது மெஷின் வாங்குவது’ என்பதை வெளிச்சூழல் தரும் வாய்ப்பாக எழுதுவது. அது வாய்ப்பு அல்ல, உங்கள் முடிவு. உங்கள் யூனிட்டே இல்லாவிட்டாலும் வெளியில் நடக்கும் விஷயம் எதுவோ அதுதான் வாய்ப்பு. இரண்டாவது, ஒவ்வொரு காரணிக்கும் எடை போட்டு 2.85 மதிப்பெண் என்று கூட்டுவது. எடையும் நீங்கள் போட்டது, மதிப்பெண்ணும் நீங்கள் போட்டது. வங்கிக்காரருக்கு அது தெரியாதா என்ன?

ரிப்போர்ட்டில் ஒன்றரைப் பக்கம் போதும். ஐந்து காரணி, ஒவ்வொன்றுக்கும் கணக்கில் எந்த வரி, எவ்வளவு ரூபாய், எத்தனை மாதம், என்ன செய்வீர்கள். கடைசியில், மாதாமாதம் 15-ஆம் தேதி நீங்கள் பார்க்கப்போகும் மூன்று எண்கள்: வாடிக்கையாளர் கொடுத்த ஷெட்யூலுக்கு அவர் உண்மையில் எடுத்தது எத்தனை சதவீதம், பதிவான ஸ்கூட்டர்களில் மின்சாரம் எத்தனை சதவீதம், 45 நாளைத் தாண்டிய பாக்கி எவ்வளவு. முதல் எண் தொடர்ந்து இரண்டு மாதம் 85-க்குக் கீழே போனால் மெஷின் அட்வான்ஸைத் தள்ளிவைப்பேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.