கடைசிப் பாதை – ஒரு கடிதம்

அன்பின் ஐயாவுக்கு,

பெரிய விஷயம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கிழமை நாலு புதுப்படங்கள் வந்திருக்கின்றன. எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். நான், இவர், 9 வயது மகன், மாமி என்று நாலு பேர் போனால் டிக்கட், ஆட்டோ, பிள்ளை கேட்கிற பொப்கோர்ன் எல்லாம் சேர்த்து ஒரு கிழமைச் சாமான் காசு முடிந்துவிடும். மாமிக்கு வேறு முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டா. பிழையான படத்துக்குப் போய்விடக் கூடாதே என்று வெள்ளி இரவு முழுக்க யூடியூபில் விமர்சனம் பார்த்தேன். ஒருவர் ஐந்துக்கு இரண்டே முக்கால் போடுகிறார். அதே படத்துக்கு இன்னொருவர் நாலு. மூன்றாமவர் காசைத் திருப்பிக் கேளுங்கள் என்கிறார். யாரை நம்புவது? நாலில் எதற்குப் போவது? கொஞ்ச நாள் பொறுத்தால் போனிலேயே வந்துவிடும், அதுவரை பொறுக்கலாமா? ஈழத்துப் படங்கள் ஏன் நமது தியேட்டர்களில் ஓடுவதில்லை என்பது பற்றியும் எழுதுங்கள்.

ஒரு ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி

அன்பின் தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவைக்கிறேன். 1962இல் ‘சமுதாயம்’ வந்தது, 1977இல் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’, அடுத்த வருடம் ‘வாடைக்காற்று’. அதைத் தொடங்கினால் நான் அழுதுதான் முடிப்பேன், வேறொரு நாள் பார்ப்போம். போனில் பார்ப்பது உங்கள் இஷ்டம். ஒரு போனை நாலு பேர் சுற்றி இருந்து பார்க்கிற கூத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் அந்த இரண்டே முக்கால். நீங்கள் விடைத்தாள் திருத்துகிறவர். ஒரு பிள்ளைக்குக் கால் புள்ளி குறைத்தால் எந்த வரிக்குக் குறைத்தேன் என்று புள்ளித்திட்டத்தை விரித்துக் காட்டுவீர்கள். அந்த ஆளிடம் என்ன புள்ளித்திட்டம் இருக்கிறது? அந்த முக்கால் எங்கிருந்து வந்தது, ஏன் அது அரையாக இல்லை என்று ஒரு தரமாவது கேட்டீர்களா? பள்ளிக்கூடத்தில் இத்தனை கறாராக இருக்கிறவர், ராத்திரி போனைக் கையில் எடுத்ததும் யாரோ ஒருவரின் புள்ளியைக் கைகட்டி வாங்கிக்கொள்கிறீர்கள். இரவு முழுக்க முழித்திருந்த நேரத்துக்கு ஒரு படத்தையே இரண்டு தரம் பார்த்திருக்கலாம்.

எங்கள் காலத்தில் பாட்டுப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. இடைவேளையில் கச்சானோடு சேர்த்து விற்பார்கள். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம். கதாநாயகி ஆற்றங்கரைக்கு ஓடுவாள், வில்லன் பின்னால் வருவான், அந்த இடத்தில் ‘மிகுதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். அதை எழுதியவர் யாரென்று அட்டையில் பேரும் இருக்காது. எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகம் கிடந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி வீட்டுக் கூரையைக் கொண்டுபோன இரவு பெட்டியும் போயிற்று.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். படம் பார்க்க வேண்டுமென்றால் மண்முனைத் துறைக்கு வந்து பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். பாதை என்றால் வெளியூர்க்காரர் தெருவென்று நினைத்துக்கொள்வார்கள். நமக்கு அது ஆளையும் வண்டியையும் ஒன்றாக ஏற்றிப்போகும் மிதவை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அங்கே பாதைக்கு வேலையில்லை. அந்த நாளில் இக்கரையில் இறங்கி, பஸ் பிடித்து மட்டக்களப்பு டவுனுக்குப் போக வேண்டும். கூட்டிப்போவது அம்மம்மா. பகல் காட்சிதான், அதிலும் கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும். அதனால் எந்தப் படம் என்பதைத் தீர்மானித்தது பாதைக்காரர் என்றே சொல்லலாம். பஸ் வந்து சேர்ந்த நேரத்துக்கு எந்தத் தியேட்டரில் பெயர் போடத் தொடங்கவில்லையோ அந்தப் படம். நடிகர் யாரென்று உள்ளே போய்த்தான் தெரியும்.

நீளமான படமென்றால் முடிவு கிடையாது. ஒரு படம் நன்றாக நினைவிருக்கிறது. தம்பி கொலைக்குற்றத்தில் கூண்டில் நிற்கிறான். அக்கா தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அக்காவின் புருசன்தான் அரச தரப்பு வக்கீல். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், இனித் தீர்ப்பு. அம்மம்மா எழும்பிவிட்டா. “வா மனே, பாதை போயிரும்.”

தீர்ப்பைக் கேட்காமல் வெளியே வந்த அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. பாதையில் ஏறியதும் வாயைத் திறக்காமல் ஒரு மூலையில் நின்றேன். தயிர் விற்றுவிட்டு வெறும் சாக்கோடு திரும்பிய ஒரு மனிசி, “என்ன புள்ள, பொடியன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்?” என்று கேட்டா. அம்மம்மா கதையை முதலிலிருந்து சொன்னா. பாதை நடுவாவிக்கு வருவதற்குள் ஏறியிருந்த எல்லோரும் நீதிபதியாகிவிட்டார்கள். தூக்கில் போட வேண்டும் என்றார் சைக்கிளோடு நின்ற ஒருவர். கொலை செய்தது தம்பியே இல்லை, அந்த வக்கீலைத்தான் பிடிக்க வேண்டும் என்றா தயிர்க்காரி. அம்மம்மா எல்லோருக்கும் காது கொடுத்துவிட்டு, “மறுகா, அந்தப் பொடியன விட்டுட்டாங்க. அக்காக்காரி புருசனோட கதைக்கிறத விட்டுட்டா,” என்று முடித்தா. கரை வந்துவிட்டது.

இருபது வருடம் கழித்து அதே படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். நீதிபதி கண்ணாடியைத் துடைக்கிறார், கதவு திறக்கிறது, தம்பியைப் போலவே இன்னொருவன் வந்து நிற்கிறான். இரட்டைப் பிள்ளையாம்! தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். அம்மம்மா போட்ட முடிவை எடுத்திருந்தால் அது வேறு படமாக இருந்திருக்கும்.

கதை முன்கூட்டியே தெரிந்தால் படம் கெட்டுவிடும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கூத்து ஆடுகிற களரியைச் சுற்றிப் பாய் விரித்திருக்கிற அத்தனை சனத்துக்கும் அபிமன்யு சாவான் என்று தெரியும். கூத்தை நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டினால் விடியும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். இந்த முறை ஆடுகிற பொடியன் எப்படிச் சாகிறான் என்பதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். ‘இந்தப் பொடியனுக்கு இரண்டே முக்கால்’ என்று களரி வாசலில் ஒருவர் அறிவித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வார்கள்? அண்ணாவியார் மத்தளத்தை இறக்கிவைத்துவிட்டு அவரிடம் போவார், நல்ல வார்த்தை சொல்ல அல்ல. கதையை யாரும் சொல்லட்டும். தீர்ப்பை மட்டும் எனக்குக் கொண்டுவந்து தராதீர்கள், அதைப் பாதையில் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

சரி, காசு விஷயம். பிழையான படத்துக்குப் போனால் ஒரு கிழமைச் சாமான் காசு போகும் என்பது உண்மை, அதைச் சும்மா தட்டிவிட எனக்கு மனமில்லை. ஆனால் தங்கச்சி, நாலு பேரின் காசையும் கணக்குப் பார்த்த நீங்கள், மகன் எந்தப் படத்தைக் கேட்கிறான் என்று ஒரு வரி எழுதவில்லை. மாமியிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாலில் எது என்றுதானே கேட்டீர்கள்? மாமிக்கு முழங்கால் வருத்தம் என்றீர்கள். படி ஏறாமல் போய் இருக்கக்கூடிய தியேட்டர் எதுவென்று விசாரியுங்கள், அங்கே எது ஓடுகிறதோ அதற்குப் போங்கள். பகல் காட்சிக்குப் போங்கள். திரும்பும்போது ஆட்டோவில் மாமியை நடுவில் இருத்துங்கள், அப்போதுதான் அவ சொல்வது இரண்டு பக்கமும் கேட்கும்.