திறந்த வன்பொருள் கிராபிக்ஸ் அட்டை வரிசைக்குப் பெயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

திறந்த வன்பொருள் என்றால், அதன் சுற்று வரைபடங்களை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், தயாரித்து விற்கலாம். அப்படியானால் இந்த அட்டைக்கு யார் பொறுப்பு? அதைப் பெயர்தான் சொல்லவேண்டும். தையல்காரர் தன் சட்டை மாதிரியை எல்லோருக்கும் கொடுக்கலாம். பிறர் தைத்த சட்டையில் அவருடைய பெயர்ப்பட்டை இருந்தால் அது ஏமாற்று. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் இப்படித்தான்: பலகையின் வடிவமைப்பு திறந்தது, பெயர் பதிவுபெற்ற வணிகக்குறி.

‘ஓப்பன்’ என்ற முன்னொட்டை நான் தவிர்ப்பேன். அது தன்மையைச் சொல்கிறது, அடையாளம் தருவதில்லை. கிராபிக்ஸ் வரையும் மென்பொருள் இடைமுகமான ஓப்பன்ஜிஎல் என்ற வணிகக்குறியோடு குழப்பவும் செய்யும். திறந்த கிராபிக்ஸ் அட்டை உருவாக்க முயன்ற ஓப்பன் கிராபிக்ஸ் திட்டம் தன் பலகைக்கு இட்ட ‘ஓஜிடி1’ என்ற பெயர் பொறியாளருக்குப் புரியும், வாங்குபவர் நாவில் நிற்காது. வரிசைக்கு உச்சரிக்க எளிய தனிப்பெயர், தலைமுறைக்கு ஓர் எண் போதும்.

பெயரைப் பதிவு செய்தால் வடிவமைப்பும் மூடப்பட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வரைபடத்தின் உரிமமும் பெயரின் வணிகக்குறியும் வெவ்வேறு.