பதில்: டிப்ளோய் பாதில நிண்டிட்டு, டெவ்நெட் SOL காசும் காணேல்ல

தம்பி, சொலானா எண்ட ப்ளொக்செயினில உங்கட ப்ரோக்ராம ஏத்தேக்க (டிப்ளோய்) பாதில நிண்டு, டெவ்நெட்டில (பழகிறதுக்கான சோதனை நெட்வேர்க்) இருந்த SOL (சொலானாவின்ர நாணயம்) காணாமப் போச்செண்டு கேட்டிருந்தீங்க. காசு எங்கயும் போகேல்ல, பயப்பிடாதீங்கோ. உங்கட ப்ரோக்ராம் ஒரே அடியா ஏறுறேல்ல, சொலானாவில ஒரு ட்ரான்ஸாக்ஷன் 1232 பைட்டுக்கு மேல போகேலாது, அதால துண்டு துண்டா வெட்டி முதல்ல பஃபர் எண்ட தற்காலிகக் கணக்கொண்டுல எழுதும், உங்கட உப்புவெளில டொங்கிள் லைன் இடையில விழுந்தா அந்த பஃபர் அரைகுறையா நிக்கும், வாடகைக்கு எண்டு (அந்தக் கணக்க வச்சிருக்கிறதுக்கான வைப்புக்காசு) கட்டின SOL காசும் அதுக்குள்ளயே கிடக்கும். நீங்க திரும்பத் திரும்ப டிப்ளோய் அடிக்க ஒவ்வொருக்காவும் புது பஃபர், அதான் இப்ப பலன்ஸ் காணாதெண்டு சொல்லுது.

முதல்ல "சொலானா ப்ரோக்ராம் ஷோ --பஃபர்ஸ்" அடிச்சுப் பாருங்கோ, எல்லாம் வரிசையா வரும். "சொலானா ப்ரோக்ராம் க்ளோஸ் --பஃபர்ஸ்" குடுத்தா காசு வாலட்டுக்கு வந்திடும், ஏர்ட்ரொப்புக்குப் (சும்மா தாற சோதனைக் காசு) பின்னால அலையத் தேவையில்ல (அது அடிக்கடி கேட்டா மறுக்கும்தான்). ஆனா விட்ட இடத்தில இருந்து தொடரோணும் எண்டா க்ளோஸ் பண்ணாதீங்கோ, பிழை வந்த இடத்தில அந்த பஃபரின்ர சாவிக்கான 12 இங்கிலீஷ் வார்த்தை காட்டியிருக்கும், டெர்மினல மேல தள்ளிப் பாருங்கோ, அத "சொலானா-கீஜென் ரிக்கவர்"ல குடுத்து கீ ஃபைல் எடுத்து, டிப்ளோய்க்கு --பஃபர் எண்டு அந்த ஃபைல காட்டினாச் சரி.

உண்மையச் சொன்னா பழகிற நேரம் டெவ்நெட்டே தேவையில்ல. "சொலானா-டெஸ்ட்-வாலிடேட்டர்" (உங்கட லப்டொப்பிலயே ஓடுற சோதனை நெட்வேர்க்) ஒரு விண்டோல ஓடவிட்டு, மற்றதில கொன்ஃபிக் யூஆர்எல்ல லோக்கல்ஹோஸ்டுக்கு மாத்துங்கோ. நெட் இல்லாமலே ஓடும், ஏர்ட்ரொப்பும் கேட்டபடி தரும். லப்டொப் சார்ஜ் மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ, கரண்ட் போறதுக்கு நான் மருந்து சொல்லேலாது.