பனிப்புயல்ல வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

2021 பிப்ரவரியில நாங்க அனுபவிச்சதை சொல்றேன். டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம் இருக்கோம், இங்க குளிர்னா ஒரு ஸ்வெட்டரோட முடிஞ்சிடும், அதனால ஸ்னோ வருதுன்னதும் என் பொண்ணு (அப்ப 4 வயசு) ஞாயித்துக்கிழமை 14ஆம் தேதி பூரா ஜன்னலை விட்டு நகரல. அன்னைக்கு ராத்திரியே கரண்ட் போச்சு. டெக்சாஸோட பெரும்பகுதிக்கு தனி கிரிட் (கரண்ட் கொண்டு வர்ற மின் வலை), வெளி மாநிலத்துல இருந்து பெருசா கரண்ட் வாங்க வழியில்ல, குளிர்ல பவர் பிளான்ட், கேஸ் சப்ளை எல்லாம் படுத்துடுச்சு. மாத்தி மாத்தி கொஞ்ச நேரம் கட் பண்ணுவோம்னு சொன்னாங்க, ஆனா எங்களுக்கு ஒரு மணி நேரம் வந்தா ஆறு ஏழு மணி நேரம் வராது.

கேஸ் ஹீட்டர்தானேன்னு நானும் தைரியமா இருந்தேன், ஆனா சூட்டை ரூம் ரூமா தள்ளுற ஃபேன் கரண்ட்லதான் ஓடும். செவ்வாய்க்கிழமை காலையில வெளிய மைனஸ் 19, வீட்டுக்குள்ள 9 டிகிரி. மூணு பேரும் ஒரே ரூம்ல, ஊர்ல இருந்து கொண்டு வந்த ஜமக்காளத்தை கதவு இடுக்குல சுருட்டி வச்சுட்டு இருந்தோம். கரண்ட் இல்லாம அடுப்பு தானா பத்திக்காது, அம்மா பெட்டியில போட்டு விட்ட கேஸ் லைட்டர்தான் காப்பாத்துச்சு, மூணு நாளும் ரசம் சாதம், மிளகு தூக்கலா. இட்லி மாவு கரைச்சு வச்சது அப்படியே கல்லு மாதிரி கிடந்துச்சு, பொங்கவே இல்ல. அடுப்பை சமையலுக்கு மட்டும்தான் பத்த வைப்பேன், குளிர் காய விடவே மாட்டேன், ஏன்னா அந்த வாரம் வீட்டுக்குள்ள கரி அடுப்பு வச்சும் கராஜ்ல காரை ஓட விட்டும் கார்பன் மோனாக்சைடுல நிறைய பேர் செத்துப் போனாங்க, அதுக்கு வாசனையே கிடையாது.

ஆனா குளிரை விட எனக்கு பயம் தண்ணிதான். இங்க நிறைய வீட்டுல தண்ணி பைப் கூரைக்கு கீழ பரண் வழியா போகும், அங்க உறைஞ்சா ஐஸுக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல பிரஷர் ஏறி பைப் வெடிச்சிடும், அதனால குழாயை லேசா சொட்ட விடணும், சிங்க் அடியில இருக்கிற அலமாரி கதவையும் திறந்து வைக்கணும். கிச்சன் குழாய்க்கு அடியில சில்வர் குண்டான் வச்சிருந்தேன், ராத்திரி பூரா டொக் டொக்னு அந்த சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தாதான் தூக்கம் வரும், நின்னுட்டா எழுந்து ஓடுவேன்.

ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவங்களுக்கு வியாழக்கிழமை, ஐஸ் உருக ஆரம்பிச்சப்ப, பரண்ல பைப் வெடிச்சிருக்கறது தெரிஞ்சுது. ஹால் சீலிங் அப்படியே நனைஞ்சு உட்கார்ந்துடுச்சு. வீட்டுக்கு வர்ற தண்ணியை மொத்தமா அடைக்கிற மெயின் வால்வு எங்க இருக்குன்னு அவங்களுக்கு தெரியல, அது ரோட்டோரம் மீட்டர் பெட்டிக்குள்ள, பனிக்கு அடியில. இங்க யார் வீட்டுலயும் பனி அள்ளுற ஷவல் கிடையாது, என் வீட்டுக்காரரும் அந்த வீட்டு ஆளும் என் பொண்ணோட பீச் மண்வெட்டியை வச்சு தோண்டி மூடியை கண்டுபிடிக்கறதுக்குள்ள முக்கால் மணி நேரம், அவங்க பாப்பா எங்க போர்வைக்குள்ள உட்கார்ந்து அழுதுட்டே இருந்தா.

குளிர் ஊர்ல வீடு எடுத்திருக்கீங்கன்னா இன்னைக்கே வெளிய போய் அந்த வால்வு எங்க இருக்கு, எப்படி மூடணும்னு பாத்து வச்சுக்கோங்க, வாடகை வீடா இருந்தாலும்.