எட்ஜ்ல கோட் போட்டா சைட் ஸ்பீடாகுமா?

கேள்வி: எங்க புடவைக் கடை வெப்சைட்டும் டேட்டாபேஸும் அமேசானோட வர்ஜீனியா ரீஜன்ல (அமெரிக்காவுல இருக்குற டேட்டா சென்டர்கள்ல) இருக்கு, ஆனா வாங்குறவங்க பூரா நம்ம ஊர்க்காரங்க. புரோகிராம் கோடை மட்டும் எட்ஜுக்கு, அதாவது வாங்குறவங்களுக்குப் பக்கத்துல இருக்குற சர்வர்கள்ல கோட் ஓட்டுற கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸுக்கு மாத்தினா போதும், ஸ்பீடாகிடும்னு டெவலப்பர் சொல்றாரு. நம்பலாமா?
- வாசகர், காஞ்சிபுரம்

பதில்: பாதி நம்பலாங்க. வொர்க்கர்ஸ் 2018ல எல்லாருக்கும் வந்துச்சு, கன்டெய்னர்னு தனியா ஒரு சூழலை ஏத்தாம குரோம் பிரவுசருக்குள்ள இருக்குற அதே வி8 எஞ்சின்ல கோட் ஓடுறதால ஸ்டார்ட் ஆக நேரமே எடுக்காது, சென்னையிலயே அவங்களுக்கு இடமும் இருக்கு. ஆனா டேட்டாபேஸ் இன்னும் வர்ஜீனியாலதானே கிடக்கு? ஒரு புடவையோட பக்கத்தைத் திறந்தா விலைக்கு ஒரு குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி), ஸ்டாக்குக்கு ஒண்ணு, ரிவ்யூவுக்கு ஒண்ணுன்னு வரிசையா மூணு போகுதுன்னு வைங்க. இப்ப கஸ்டமரோட ரிக்வெஸ்ட் ஒரே தடவை வர்ஜீனியா போகுது, மூணு குவெரியும் அங்கேயே பக்கத்துல முடிஞ்சிருது. புரோகிராம் கோடை மட்டும் சென்னைக்குக் கொண்டுவந்தா மூணு குவெரியும் தனித்தனியா கடல் தாண்டணும், ஒரு தடவை போய்ட்டு வரவே 200 மில்லிசெகண்டுக்கு மேல, ஆக மொத்தம் 600ஐத் தாண்டிரும். பழைய சைட்டே தேவலாம்னு ஆயிடும்.

முதல்ல டேட்டாபேஸையும் சர்வரையும் மும்பைக்குக் கொண்டுவாங்க, 2016லயே அங்க ரீஜன் வந்தாச்சு. படங்களுக்கு கோடே வேணாம், சிடிஎன் கேஷ் (பக்கத்து சர்வர்ல நகல் வச்சுக் குடுக்குறது) போதும். பழைய லிங்க்கைப் புதுசுக்குத் திருப்புறது, லாகின் டோக்கன் சரியான்னு பாக்குறது, பாட்களை (தானா ஓடுற புரோகிராம்களை) தடுக்குறது மாதிரி டேட்டாபேஸைத் தொடாத வேலைகளை எட்ஜ்ல தாராளமா வைங்க.

கேள்வி: ஸ்டாக் எண்ணிக்கையை வொர்க்கர்ஸ் கேவில (எட்ஜ்ல டேட்டா வைக்கிற கிளவுட்ஃபிளேர் ஸ்டோர்ல) வச்சா டேட்டாபேஸ் பக்கமே போக வேணாமே?
- வாசகி, திருப்பூர்

பதில்: ஐயோ, வேணாங்க! கேவில ஒரு இடத்துல எழுதினது மத்த இடங்களுக்குத் தெரிய 60 செகண்டோ அதுக்கு மேலயோ ஆகலாம்னு கிளவுட்ஃபிளேரே சொல்லியிருக்கு. சென்னையில கடைசிப் பீஸ் வித்தப்புறமும் மும்பைல இருக்குறவங்களுக்கு ஸ்டாக் இருக்குன்னே காட்டும், அவங்க பணத்தையும் கட்டிட்டுக் காத்திருப்பாங்க, அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? பேனர், ஷிப்பிங் ரேட் மாதிரி மெதுவா மாறுறதை கேவில வைங்க. ஸ்டாக்கு டேட்டாபேஸ்லயே இருக்கட்டும், இல்லன்னா கிளவுட்ஃபிளேரோட டூரபிள் ஆப்ஜெக்ட்ஸ் போங்க, அது ஒரே இடத்துல இருந்து கணக்கு பாக்கும்.

கேள்வி: அமேசானோட எட்ஜ் சேவையான லாம்ப்டா அட் எட்ஜ்ல ஃபங்ஷன் ஓடுது, ஆனா லாக் பாக்குற கிளவுட்வாட்ச்ல, வர்ஜீனியா ரீஜன்ல லாகே (ஓடின பதிவே) காணோம்.
- வாசகர், கோவை

பதில்: ஃபங்ஷனை வர்ஜீனியாலதான் உருவாக்கணும், ஆனா லாக் எந்த ரீஜன்ல ஓடுச்சோ அங்கதான் விழும். நீங்க கோவையில இருந்து டெஸ்ட் பண்ணா மும்பைக்கு மாத்திப் பாருங்க. லாக் குரூப் பேர்ல வர்ஜீனியா ரீஜன் பேரு ஒட்டியிருக்கும், குழம்பிடாதீங்க. அங்கயும் இல்லன்னா ஃபங்ஷனோட ரோலுக்கு (அதுக்குக் குடுத்திருக்குற அனுமதித் தொகுப்புக்கு) லாக் எழுதுற பர்மிஷன் இருக்கான்னு செக் பண்ணுங்க. வெறும் ஹெடர் மாத்துற வேலைதான்னா 2021ல வந்த, அமேசான் சிடிஎன்லயே ஓடுற கிளவுட்ஃப்ரன்ட் ஃபங்ஷன்ஸே போதும், அதோட லாக் எப்பவும் வர்ஜீனியாலயே இருக்கும்.